அழாத கணவருக்கு மூளை ஸ்கேன் எடுக்கலாமா?

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், வீட்டை அடையாளம் காட்டக்கூடிய செய்திகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருக்கு வயது 36. கணவருக்கு 42, காரைக்குடியில் சொந்தக் கடை. ஒரே மகன், மூன்றாம் வகுப்பு. எட்டு மாதங்களுக்கு முன் வாசகியின் அப்பச்சி, அதாவது அவருடைய தந்தை, மதுரையில் சிகிச்சை பலனின்றிக் காலமானார். உறவினர் பாதிப் பேர் சென்னையிலும் மலேசியாவிலும். அவர்களுக்கெல்லாம் தகவல் சொன்னது, ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்தது, கேதத்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு பார்த்தது என்று எல்லாவற்றையும் கணவரே தலைமேல் போட்டுக்கொண்டு செய்திருக்கிறார். ஆனால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கருமாதி முடிந்த மறுநாளே கடையைத் திறந்துவிட்டார். மனைவி விம்மியபோது, “வயதானவர், அதிகம் கஷ்டப்படாமல் போய்விட்டார், அழுது என்ன ஆகப்போகிறது” என்றாராம். இன்றுவரை இவர் அழுதால் அவர் எழுந்து முகப்புக்குப் போய்விடுகிறார்.

கேதத்தன்று மகனும் வளவில் மற்றப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறான். அதைப் பார்த்த மாமியார், “அப்பனைப் போலவே இதுவும் கல்நெஞ்சு” என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டார். இந்த நிலையில் கைப்பேசியில் ஒரு காணொளி. பிறர் வலியை உணரும் மையம் மூளையில் இருக்கிறதாம். அது பெண்களிடம் நன்றாக வேலை செய்யுமாம், ஆண்களிடம் குறைவாம். சுத்தமாக வேலை செய்யாதவர்கள் ஈவிரக்கமற்ற மனநோயாளிகளாம். “அவருக்கு அடிக்கடி தலைவலி வரும். அதற்குத்தான் என்று சொல்லி மதுரைக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்துவிடலாமா? அந்த மையம் வேலை செய்யவில்லை என்று வந்தால் நான் அவரோடு வாழத்தான் வேண்டுமா? என் மகனுக்கும் அது வந்துவிடுமா?” என்று கேட்கிறார்.

கடிதத்தின் ஓரத்தில் வேறு மையில் ஒரு வரி: “ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் அப்பச்சி பக்கத்தில் இருந்தது அவர்தான். வேட்டி மாற்றிவிட்டதும் அவர்தான். ஆனால் அதெல்லாம் கடமைக்குத்தானே.”

அன்புள்ள ஆச்சி,

அப்பச்சியின் மறைவுக்கு முதலில் என் அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். துக்கத்தில் நமக்குத் தேவைப்பட்ட ஆள் எழுந்து போய்விடுவது தனியான ஒரு வலி. கணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த வலி உண்மை. பின்னால் நான் சொல்லப்போகும் எதையும், “உனக்கு வருத்தப்பட உரிமை இல்லை” என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதிலைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஸ்கேன் வேண்டாம். ஒரு மனிதருக்குப் பிறர்மேல் எவ்வளவு பரிவு இருக்கிறது என்று அளந்து சொல்லும் ஸ்கேன் மதுரையிலும் இல்லை, சென்னையிலும் இல்லை, வெளிநாட்டிலும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது வெறும் கற்பனையும் அல்ல. பிறர் துயரை உணர்வதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. அது மூளையின் இயக்கத்திலும் தென்படுகிறது. அதைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வு நடக்கிறது. காணொளியைத் தயாரித்தவர் அந்த ஆய்வுகளின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு, அவை சொல்லாததையெல்லாம் சொல்லியிருக்கிறார். அதனால் ஆய்வுகள் என்ன கண்டன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அது தெரிந்தால் உங்கள் வீட்டில் நடப்பதை வேறு கண்ணோடு பார்க்க முடியும்.

காணொளி சொன்னதும் ஆய்வு கண்டதும்

இந்தத் துறையில் பெரிதும் பேசப்படும் ஆய்வு 2004இல் லண்டனில் நடந்தது. டானியா சிங்கரும் அவருடைய சகாக்களும் 16 ஜோடிகளை அழைத்தார்கள். பெண் ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பார். அவருடைய துணைவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சில முறை பெண்ணின் கையிலும் சில முறை ஆணின் கையிலும் சுருக்கென்று மின்னதிர்வு கொடுத்தார்கள். யாருக்கு விழப்போகிறது என்பது பெண்ணுக்கு முன்கூட்டியே ஒரு குறியால் தெரியும். தன் கையில் விழுந்தபோது வலிக்குரிய மூளைப்பகுதிகள் பலவும் இயங்கின. துணைவருக்கு விழுந்தபோது அவற்றில் ஒரு பங்கு, முக்கியமாக இன்சுலாவின் முன்பகுதியும் சிங்குலேட் புறணியின் முன்பகுதியும், இயங்கின. வலி கையில் எந்த இடத்தில், எவ்வளவு என்று பதிவு செய்யும் தொடுவுணர்வுப் பகுதி தன் வலிக்கு மட்டுமே இயங்கியது. அதாவது துணைவரின் வலியில் நாம் பங்குகொள்வது அதன் துன்பத்தில்தான். அந்தச் சுருக்கென்ற குத்தல் அவருக்கே உரியது.

உங்கள் கேள்விக்கு நேராக வரும் பகுதி இனிமேல்தான். அந்தப் பெண்கள் தங்கள் இரக்க குணத்தைப் பற்றிய கேள்வித்தாள்களையும் நிரப்பியிருந்தார்கள். அதில் அதிக மதிப்பெண் பெற்றவர்களிடம் துணைவரின் வலிக்கு இந்த இரு பகுதிகளும் கூடுதலாக இயங்கின. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டுக்கும் மூளையின் இயக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று காட்டியது இதுதான்.

இப்போது கவனியுங்கள். அந்த ஆய்வில் ஸ்கேன் செய்யப்பட்டவர்கள் எல்லோரும் பெண்கள். ஆண்களின் மூளை படம்பிடிக்கப்படவே இல்லை. ஆணுக்குக் குறைவு என்று இதிலிருந்து எவரும் சொல்ல முடியாது. 2006இல் அதே குழு 16 ஆண்களையும் 16 பெண்களையும் வைத்து இன்னொரு ஆய்வு செய்தது. முதலில் ஒரு பணவிளையாட்டு. அதில் நேர்மையாக நடந்துகொண்ட ஒருவரும் ஏமாற்றிய ஒருவரும் பிறகு மின்னதிர்வு பெறுவதை இவர்கள் பார்த்தார்கள். நேர்மையானவரின் வலிக்கு இரு பாலாருமே பதில் கொடுத்தார்கள். ஏமாற்றியவரின் வலிக்கு மட்டும் ஆண்களிடம் அந்தப் பதில் வெகுவாகக் குறைந்தது. அவர்களிடம் இல்லாமல் போனது திறன் அல்ல. ‘இவனுக்காக நான் ஏன் வருந்த வேண்டும்’ என்ற தீர்ப்பு குறுக்கே வந்துவிட்டது.

கேள்வித்தாளில் பெண்கள் அதிக மதிப்பெண் வாங்குவது பல ஆய்வுகளில் வருகிறது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நான்சி ஐசன்பெர்க்கும் ராண்டி லெனனும் 1983இலேயே அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ‘நான் எப்படிப்பட்டவர்’ என்று தானே சொல்லும் அளவுகோலில் வேறுபாடு பெரிதாக இருந்தது. இதயத்துடிப்பு போன்ற உடல் அளவுகளில் அது அநேகமாகக் காணாமல் போனது. 2001இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. இன்னொருவர் மனதில் என்ன ஓடுகிறது என்று சரியாகச் சொன்னால் பணம் என்று அறிவித்ததும் ஆண்கள் பெண்களுக்கு இணையாகச் சொன்னார்கள். முடியாமல் இருந்தவர்கள் அல்லர் அவர்கள், முயலாமல் இருந்தவர்கள். வீட்டுக்கு வீடு நான் காண்பதும் இதுதான். இதை அவருக்குச் சாதகமான சான்று என்று மட்டும் படிக்காதீர்கள். முயன்றால் முடியும் என்றால், முயலும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றும் அதற்குப் பொருள்.

காணொளியில் வந்த ‘கண்ணாடி நியூரான்கள்’ பற்றியும் ஒரு வார்த்தை. 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் ஜியாகோமோ ரிசொலாட்டியின் குழு மக்காக் குரங்குகளின் மூளையில் மின்முனை வைத்துக் கண்டுபிடித்தவை அவை. குரங்கு ஒரு பொருளை எடுக்கும்போதும், வேறொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் இயங்கிய அணுக்கள். கை அசைவுக்கான அணுக்களிலிருந்து கணவரின் கண்ணீருக்கு வந்து சேர நெடுந்தூரம் இருக்கிறது. அவற்றை ‘இரக்க அணுக்கள்’ என்று அழைப்பது ஆய்வு தந்த முடிவு அல்ல.

ஸ்கேன் மையத்தில் எடுக்கும் படம் வேறு

மதுரையில் நீங்கள் பணம் கட்டி எடுக்கும் எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டும். கட்டி, ரத்தக்கசிவு, அடைப்பு, சுருக்கம் இருந்தால் தெரியும். நான் மேலே சொன்ன ஆய்வுகள் வேறு முறையில் நடந்தவை. மூளையின் ஒரு பகுதி அதிகம் இயங்கும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. 1990இல் செய்ஜி ஒகாவா விளக்கிய இந்த மாற்றத்தைத்தான் அந்தக் கருவி பதிவு செய்கிறது. நரம்பணு என்ன செய்கிறது என்பதை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. சில வினாடிகள் பின்தங்கி, லட்சக்கணக்கான அணுக்களுக்குச் சேர்த்து ஒரு கணக்குத் தருகிறது. ஊருணியில் நீர் ஏறியிருந்தால் மழை பெய்தது தெரியும். எந்த வீட்டு ஓட்டில் விழுந்த தண்ணீர் என்று தெரியாது. படத்தில் காணும் சிவப்பும் மஞ்சளும் மூளையில் தெரிந்த நிறங்கள் அல்ல. இரண்டு நிலைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, பலருடைய சராசரியை எடுத்துக் கணினி பூசியவை.

இன்சுலாவின் முன்பகுதி பிறர் வலிக்கு மட்டும் இயங்குவதும் இல்லை. அருவருப்புக்கும் தாகத்துக்கும் தன் இதயத்துடிப்பைக் கவனிப்பதற்கும் இயங்கும். அது இயங்கியது என்பதை வைத்து ‘இவர் இரங்கினார்’ என்றோ, இயங்கவில்லை என்பதை வைத்து ‘இவருக்கு இரக்கமில்லை’ என்றோ எந்த மருத்துவரும் சான்று எழுத முடியாது. பதினாறு பேரில் தெரிந்த ஒரு போக்கு பதினேழாவது ஆளின் குணத்தைச் சொல்லாது. மூளைப் படங்களையும் மனிதரின் குணவேறுபாடுகளையும் நம்பகமாக இணைக்க ஆயிரக்கணக்கானோரை ஆராய வேண்டியிருக்கிறது என்று 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வே எடுத்துக்காட்டியது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் நல்ல உடல்நலத்தோடு இருப்பவரின் படத்தில்கூடச் சில சமயம் தீங்கற்ற சிறு நீர்ப்பை, சிறு புள்ளி என்று ஏதாவது தென்படும். அதைப் பிடித்துக்கொண்டு “இதுதான் காரணம்” என்று குடும்பம் முழுக்க ஒரு கதை கட்டிவிடும். பிறகு அந்தக் கதையை அழிப்பது பெரும்பாடு.

எழுந்து முகப்புக்குப் போகிறவர்

பிறர் துயரை உணர்வது ஒற்றைக் குணம் அல்ல. 1980களின் தொடக்கத்தில் மார்க் டேவிஸ் உருவாக்கி இன்றும் உலகெங்கும் பயன்படும் கேள்வித்தாள் அதை நான்காகப் பிரிக்கிறது. அவற்றில் மூன்று உங்களுக்கு வேண்டியவை. எதிரில் இருப்பவர் நிலையில் நின்று பார்ப்பது. அவர்பால் அக்கறை கொள்வது. அவர் துயரத்தைக் கண்டு தானே கலங்கித் தவிப்பது. இவை ஒருவரிடம் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. மூளையில் காயம்பட்டவர்களை வைத்து இஸ்ரேலில் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், நெற்றி மடலின் ஒரு பகுதி பழுதானவர்களுக்குப் பிறர் உணர்ச்சி தொற்றுவது குறைந்திருந்தது, பிறர் மனதை ஊகிப்பது குறையவில்லை. இன்னொரு பகுதி பழுதானவர்களிடம் இதற்கு நேர்மாறு. இரண்டுக்கும் மூளையில் தனித்தனி வழிகள் இருக்கின்றன.

மூன்றாவதாகச் சொன்ன அந்தத் தவிப்பில்தான் உங்கள் கணவர் சிக்கியிருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. டேனியல் பேட்சன் 1981இல் வெளியிட்ட சோதனைகளில், மின்னதிர்வு பெற்றுத் துடிப்பதாக நடிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்தவர்களுக்கு இரண்டு வழிகள் தரப்பட்டன: எழுந்து போய்விடலாம், அல்லது அவருக்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்ளலாம். அக்கறை மேலோங்கியவர்களில் பெரும்பாலோர் உதவ முன்வந்தார்கள். தன் கலக்கம் மேலோங்கியவர்கள், எழுந்து போவது சுலபமாக இருந்தபோது போய்விட்டார்கள். போனவர்கள் எதையும் உணராதவர்கள் அல்லர். உணர்ந்ததைத் தாங்க முடியாதவர்கள். நீங்கள் அழும்போது முகப்புக்குப் போகிறவர் கல்லாகவும் இருக்கலாம், அழுகையைத் தாங்கத் தெரியாதவராகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். ஊரில் யார் வீட்டில் இறப்பு நடந்தாலும் முதலில் அழைக்கப்படுவது இவர்தான் என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெரிய வீடுகள் பூட்டிக்கிடக்க, பிள்ளைகள் கடல் கடந்து இருக்கும் நம் ஊர்களில் அப்படி ஓர் ஆள் கட்டாயம் வேண்டியிருக்கிறது. தைவானில் 2007இல் செய்த ஆய்வு ஒன்றில், அக்குபஞ்சர் என்ற ஊசி மருத்துவம் செய்துவந்த மருத்துவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உடலில் ஊசி குத்தும் காட்சிகளைக் காட்டினார்கள். மற்றவர்களிடம் இன்சுலாவும் சிங்குலேட் புறணியும் இயங்கின. மருத்துவர்களிடம் அவை அடங்கியிருந்தன. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் நெற்றிப்பகுதிகள் இயங்கின. வேலை நடக்க வேண்டும் என்பதற்காக மூளை கற்றுக்கொள்ளும் அடக்கம் அது. மருத்துவத் தொழிலில் இருக்கும் எங்கள் எல்லோருக்கும் பழக்கமானது. ஆனால் அடுத்த வீட்டுக் கேதத்துக்கு உதவும் இந்த அடக்கத்தைத் தன் மனைவியின் முன்னும் ஒருவர் கழற்றாமல் இருந்தால், மனைவிக்கு அது சுவராகத்தான் தெரியும். உங்கள் மனத்தாங்கல் நியாயமானது என்று நான் சொல்வது இதனால்தான்.

சிலருக்குத் தன் உணர்ச்சி இன்னதென்று தனக்கே பிடிபடாது. நெஞ்சு கனக்கிறது, தலை வலிக்கிறது என்பார்கள். துக்கம் என்று சொல்லத் தெரியாது. பிறர் வலிக்கு இன்சுலா எவ்வளவு இயங்குகிறது என்பது இந்தத் தன்மையைப் பொறுத்து மாறுவதாக 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. அவருடைய தலைவலி எப்போது வருகிறது, அப்பச்சி இறந்தபின் அதிகமாகியிருக்கிறதா என்று கவனித்து எழுதுங்கள்.

ஓரத்தில் வேறு மையில் எழுதிய வரிக்கு வருகிறேன். நோயாளியின் வேட்டியை மாற்றிவிட, இரவில் அவர் முனகினால் எழுந்து பார்க்க, அவருக்கு இப்போது என்ன வேண்டும் என்பதை அவர் சொல்லாமலே ஊகிக்க வேண்டும். அது கடமையாகவே தொடங்கியிருந்தாலும் அக்கறை இல்லாமல் இரவு முழுக்கச் செய்ய முடிகிற வேலை அல்ல. நீங்கள் அதைக் கழித்துவிட்டுக் கண்ணீரை மட்டும் கணக்கில் வைத்திருக்கிறீர்கள். கண்ணீர் ஒரு கணக்குத்தான். முழுக் கணக்கு அல்ல.

எப்போது ஸ்கேன் தேவைப்படும்

எப்போதும் இப்படியே இருந்தவர் என்கிறீர்கள். அதனால் எனக்குப் பயமில்லை. நேற்றுவரை அன்பாக இருந்த ஒருவர் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்கு மேல் படிப்படியாக யார் வேதனையும் தொடாதவராக மாறினால், சபையில் கூசாமல் பேசத் தொடங்கினால், இனிப்பை அளவில்லாமல் சாப்பிட்டால், பணத்தைக் கண்மண் தெரியாமல் இறைத்தால் அது வேறு விஷயம். மூளையின் நெற்றி மடலையும் பொட்டு மடலையும் தாக்கும் ஒரு வகை மறதிநோய் அப்படித் தொடங்கும். அப்போது நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதும் ஸ்கேன் எடுப்பதும் அவசியம். தலைவலி திடீரென்று கடுமையானாலும், வாந்தி, பார்வை மங்கல், கை கால் பலவீனம் சேர்ந்து வந்தாலும் உடனே காட்ட வேண்டும். அது தலைவலிக்கான மருத்துவம். இரக்கத்துக்கான சோதனை அல்ல.

பொய் சொல்லி அழைத்துப்போவது பற்றி

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விவரம் தெரிந்து அவர் கொடுக்கும் சம்மதம் இல்லாமல் அவர் மனதைச் சோதிப்பது மருத்துவ நெறிக்கு ஒவ்வாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சம்மதத்தையும் ரகசியத்தையும் அவருடைய உரிமையாக வைத்திருக்கிறது. ஸ்கேன் முடிவை உங்களிடம் கொடுக்கவும் அவர் அனுமதி வேண்டும். குற்ற வழக்குகளில்கூட ஒருவர் விருப்பத்துக்கு மாறாக மூளைப்பதிவுச் சோதனை, உண்மை கண்டறியும் சோதனை ஆகியவற்றை நடத்தக் கூடாது என்று 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல்துறைக்கே இல்லாத அதிகாரத்தை நாம் வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டத்தை விடுங்கள், பிறகு ஒருநாள் அவருக்குத் தெரிந்தால், உங்களை நம்பி மனதைத் திறக்கும் வாசலை நீங்களே அடைத்தது போலாகும்.

“வாழத்தான் வேண்டுமா” என்ற கேள்விக்கு ஸ்கேன் விடை தராது, நீதிமன்றத்திலும் தராது. இந்துத் திருமணச் சட்டத்தின் 13ஆவது பிரிவு மனக்கோளாறைக் காரணமாகச் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது இருப்பதை நிறுவ வேண்டும். அழாமல் இருப்பது அந்த வகையில் வராது. கடிதத்தில் அடி, மிரட்டல், பணத்தைத் தடுப்பது, இழிவாகப் பேசுவது எதுவும் இல்லை. எழுதக் கூசி விட்டிருந்தால் நிலைமை முழுக்க வேறு. அப்போது மூளையைப் பற்றிய பேச்சே வேண்டாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

மகனைப் பற்றி

உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது மாமியார் சொன்ன அந்தச் சொல்தான். எட்டு வயதுப் பிள்ளை துக்கத்தைத் தொடர்ந்து சுமக்காது. கொஞ்ச நேரம் அழும், பிறகு விளையாடப் போகும். ராத்திரி படுக்கும்போது “ஐயா திரும்பி வரவே மாட்டாரா” என்று கேட்கும். கேதத்தன்று அவன் ஓடியாடியதில் எந்தக் குறையும் இல்லை.

பரம்பரையைப் பொறுத்தவரை, 46,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வில், ஒத்துணர்வுக் கேள்வித்தாளில் ஆளுக்கு ஆள் கண்ட வேறுபாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் அவர்கள் ஆராய்ந்த பொதுவான மரபணு வேறுபாடுகளால் விளக்க முடிந்தது. வளர்ப்புக்கும் அனுபவத்துக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. விலங்குகளை ரசித்துத் துன்புறுத்துவது, பிற பிள்ளைகளை அடித்துவிட்டு எந்தக் குற்றவுணர்வும் இல்லாமல் இருப்பது போன்றவை தொடர்ந்து இருந்தால் குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதிய எதிலும் அதன் சாயல்கூட இல்லை. ‘கல்நெஞ்சு’ என்று கேட்டுக்கேட்டு வளர்கிற பிள்ளைதான் தனக்குள் இருக்கும் துக்கத்தை வெளியே காட்டக் கூடாது என்று முடிவு கட்டிவிடும். மாமியாரிடம் நீங்கள் நேரடியாகப் பேசினால் வார்த்தை தடிக்கலாம்; கணவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் அம்மாவிடம் அவர் சொல்வதுதான் முறை. அவர் உங்களுக்காகச் செய்யக்கூடிய நல்ல காரியமாகவும் அது இருக்கும்.

இனி என்ன செய்யலாம்

“நீங்கள் ஏன் அழவில்லை” என்று கேட்காதீர்கள். அது குற்றப்பத்திரிகை, அதற்கு அவர் வாதாடத்தான் செய்வார். அழுகை வராத ஒரு நேரத்தில், கடை அடைத்து வந்து சாப்பிட்டபின், உங்களுக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: “நான் அழும்போது ஆறுதல் சொல்ல வேண்டாம், சரிசெய்யவும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.” என்ன சொல்வது என்று தெரியாமல் ஓடுகிறவருக்கு, எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை. கையைப் பிடிப்பது அற்பமும் அல்ல. மின்னதிர்வு வரப்போகிறது என்று காத்திருந்த 16 மணமான பெண்களை ஜேம்ஸ் கோன் ஸ்கேன் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அச்ச எதிர்வினை தணிந்தது. யாரோ ஒருவர் கையைப் பிடித்தபோது அவ்வளவு தணியவில்லை. இணக்கமான மணவாழ்வு உள்ளவர்களுக்குப் பலன் கூடுதல்.

கேட்டால் நடக்குமா என்று சந்தேகம் வரும். நெதர்லாந்தில் 2013இல் வந்த ஆய்வு, ஈவிரக்கமற்றவர்கள் என்று மருத்துவர்களே வகைப்படுத்திய குற்றவாளிகளைப் படம்பிடித்தது. சும்மா பார்க்கச் சொன்னபோது பிறர் வலிக்கு அவர்கள் மூளை குறைவாகவே இயங்கியது. ‘அவர் என்ன உணர்கிறார் என்று நீங்களும் உணர முயலுங்கள்’ என்று கேட்டுக்கொண்டபோது மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் இருந்த இடைவெளி பெரிதும் சுருங்கியது. உங்கள் கணவரை அவர்களோடு ஒப்பிடவில்லை. அவர்களிடமே கேட்டால் மாறுகிறது என்றால், அப்பச்சியின் வேட்டியை மாற்றிவிட்ட மனிதரிடம் கேட்டுப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு மூன்று மாதம் தெளிவாகக் கேட்டும் அவர் ஒவ்வொரு முறையும் எழுந்தே போனால், அப்போது நாம் பேச வேண்டியது அவருடைய இயல்பைப் பற்றி அல்ல, அவருடைய தேர்வைப் பற்றி. அந்தக் கட்டத்தில் தம்பதியர் ஆலோசனை அவசியமாகும்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் தூக்கம் இல்லை, தொலைக்காட்சிச் செய்தி பார்த்தாலே அழுகை, சாப்பாடு இறங்கவில்லை, தெருவில் யாருக்கு என்ன நடந்தாலும் எனக்கே நடந்தது போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் இரக்க குணம் என்று நினைத்துப் பெருமைப்படவும் தோன்றுகிறது உங்களுக்கு. பிறர் வலியை அப்படியே வாங்கிக்கொள்வது மனதைத் தேய்த்துவிடும். சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் செய்த பயிற்சி ஆய்வுகளில், பிறர் துயரை உள்வாங்கப் பழகியவர்களுக்கு மனச்சுமை கூடியது. பிறகு அன்போடு நலம் நாடப் பழகியபோது அது தணிந்தது, மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. அதோடு, இழப்புக்குப் பின் ஆறு மாதங்களைத் தாண்டியும் அன்றாட வாழ்வை முடக்கும் துக்கத்தை உலகச் சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியல் தனியாகச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகவே குறிப்பிடுகிறது. உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்க வேண்டியவர் முதலில் நீங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் நாள் பார்க்காமல் அன்றே பேசுங்கள்.

போகும்போது உங்களுடன் வரும்படி கணவரைக் கேளுங்கள். “உங்களுக்குச் சோதனை” என்று அல்ல, “எனக்குத் துணை” என்று, அது உண்மையும்கூட. அந்த அறையில் அவருடைய தலைவலியைப் பற்றி அவரே வாய்திறக்க வாய்ப்பிருக்கிறது. மகனை அழைத்துப்போக வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை.